பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி: என் கணவருக்குச் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் பகுதியிலுள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனப்படும் வேலை அனுமதிச் சீட்டுக்கான முதற்கட்ட ஒப்புதல் வந்துவிட்டது. அவர் அடுத்த மாதம் புறப்படுகிறார். நானும் எங்கள் ஆறு வயது மகளும் பின்னர் செல்ல வேண்டும். கணவரின் நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு முகவர், தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் நான்கு அறை கொண்ட வீவக வீடு முழுவதும் மாதம் 1,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இருப்பதாகச் சொல்கிறார். உரிமையாளர் லண்டனில் இருக்கிறாராம். ஒரு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையுமாக 2,800 வெள்ளியை இந்த வாரமே அனுப்பினால் வீட்டை நிறுத்தி வைப்பார்களாம். என் மாமனார், சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தைத் தருகிறேன், கூத்தாநல்லூரில் தெரிந்த ஒருவர் மூலம் ஒரே நாளில் அனுப்பிவிடலாம் என்கிறார். அனுப்பலாமா? இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், அதில் எதைக் கவனிக்க வேண்டும்? தினமும் சமைக்க விடுவார்களா? — நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்ப வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் இந்த ஒன்றை இன்றே உங்கள் மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். கும்பகோணத்தில் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ செல்பவர்கள். அவர்களுள் பணத்தை இழந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த ஓர் இடத்தில்தான் இழந்திருக்கிறார்கள்: வீட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பு, முகம் தெரியாத ஒருவரின் அவசரத்துக்கு இணங்கிப் பணம் அனுப்பிய இடத்தில்.

நீங்கள் இணைத்திருந்த படங்களையும் செய்திகளையும் நிதானமாகப் பார்த்தேன். விளம்பரத்தில் இருப்பது வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அரசாங்க அடுக்குமாடி வீடு. ஆனால் மூன்றாவது படத்தில் பால்கனிக்குக் கீழே நீல நிறத்தில் ஒரு நீச்சல் குளம் தெரிகிறது. அதன் ஓரத்தில் சாய்வு நாற்காலிகளும் கிடக்கின்றன. வீவக குடியிருப்புகளில் குடியிருப்போருக்கென்று நீச்சல் குளம் கட்டுவதில்லை. அது கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடியின் அடையாளம். ஆகவே அந்தப் படங்கள் வேறெங்கோ எடுக்கப்பட்டவை. அடுத்தது வாடகை. நகரின் மையத்தில் நான்கு அறை வீவக வீடு முழுவதையும் எடுத்தால் மாதம் மூவாயிரம் வெள்ளிக்கு மேல் போகும் காலம் இது. பாதிக்கும் குறைவான தொகைக்கு ஒருவர் தருகிறார் என்றால், தருவதற்கு அவரிடம் வீடு இல்லை என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை அறை வீட்டுக்கு நடுவாடகை எவ்வளவு என்பதைக் கழகமே காலாண்டுதோறும் வெளியிடுகிறது. அதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

இவற்றைவிட முக்கியமான அறிகுறி ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பிய உரையாடல் முழுவதிலும் அந்த முகவர் உங்கள் கணவரின் பாஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு வீடு விடும் உரிமையாளர், அவருடைய பாஸை நேரில் வாங்கிப் பார்க்க வேண்டும்; கடவுச்சீட்டோடு ஒப்பிட வேண்டும்; அது செல்லுபடியாகுமா என்று மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு ஆணையத்தின் வழியாகச் சரிபார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாமல், சட்டவிரோதமாகத் தங்கியிருக்கும் ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டால் உரிமையாளருக்கே தண்டனை உண்டு. எனவே உண்மையான உரிமையாளர் முதலில் கேட்பது உங்கள் பாஸைத்தான், பணம் பிறகுதான். முதலில் பணத்தைக் கேட்பவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

முகவரைப் பற்றிய சட்டமும் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. அங்கே வீட்டுத் தரகு செய்பவர்கள் அனைவரும் சிஇஏ எனப்படும் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; 2010-இல் அந்த மன்றம் அமைக்கப்பட்டதிலிருந்து இதுவே விதி. வீவக வீட்டு வாடகையில் வாடகையையோ முன்பணத்தையோ முகவர் தம் கையால் வாங்கவே கூடாது. பணம் குடியிருப்பவரிடமிருந்து நேரே உரிமையாளருக்குத்தான் போக வேண்டும். ஆகவே, வீவக வீட்டுக்கு "என் கணக்கில் போடுங்கள்" என்று ஒரு முகவர் சொன்னால், அவர் பதிவு பெற்ற முகவராகவே இருந்தாலும் விதியை மீறுகிறார்; பெரும்பாலும் அவர் முகவரே இல்லை.

அவர் தம் அடையாள அட்டையின் படத்தை அனுப்பியிருக்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த அட்டை உண்மையான ஒரு முகவருடையதாகவே இருக்கக்கூடும்; அதை அனுப்பியவர் அவர்தானா என்பதே கேள்வி. பதிவு பெற்ற முகவர்களின் பெயரையும் எண்ணையும் களவாடி மோசடி செய்பவர்களைப் பற்றிச் சிங்கப்பூர்க் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. மன்றத்தின் பொதுப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முகவரின் பெயரையோ, 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையோ, அவருடைய கைப்பேசி எண்ணையோ அதில் இட்டுத் தேடலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: வாட்ஸ்அப்பில் உங்களோடு பேசுகிற எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால், பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்து, "இந்த வீட்டை நீங்கள்தான் காட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான மோசடிகள் இந்த ஓர் அழைப்பிலேயே வெளிப்பட்டுவிடும்.

மாமனார் சொல்லும் வழியைப் பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். தெரிந்தவர் மூலம் ஒரே நாளில் அனுப்புவது என்றால் நம் பக்கத்தில் அதற்கு உண்டியல் என்று பெயர். தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து போய்வந்த குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் அது பழகிப்போன ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது சட்டமீறல். அதோடு, உங்களுக்கு நேரடியாகக் கேடு செய்வது இன்னொன்று: அந்தப் பணத்துக்கு எந்தச் சீட்டும் இல்லை. நாளை உரிமையாளர் "வாங்கவில்லை" என்றால் நீங்கள் எந்த மன்றத்திலும் எதையும் காட்ட முடியாது. வங்கி வழியாக, தாராளமயப் பண அனுப்புத் திட்டத்தின் கீழ், ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை முறையாக அனுப்பலாம். உங்கள் தேவை அதில் மிகச் சிறிய பகுதி. மாமனாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஒரு பருவத்து உழைப்பின் பணம் அது. அதனாலேயே அது வங்கி வழியாக, உங்கள் கணவரின் பெயருக்கு, அவர் அங்கே போய்ச் சேர்ந்து கணக்குத் தொடங்கிய பிறகு போகட்டும்.

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதற்கு வருகிறேன். கணவர் தனியாகப் போய், ஓரிரு வாரம் தற்காலிகமாகத் தங்கி, வீடுகளை நேரில் பார்த்து, ஒப்பந்தம் போட்டபின் நீங்களும் மகளும் செல்வதுதான் முறையான வழி. தற்காலிகமாக எங்கே தங்குவது என்பதில் பலர் தெரியாமலே விதியை மீறுகிறார்கள். வீவக வீட்டையோ, அதில் ஓர் அறையையோ, ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. தனியார் அடுக்குமாடி வீட்டுக்கு அந்தக் குறைந்தபட்சக் காலம் மூன்று மாதம். 2017 ஜூன் வரை அதுவும் ஆறு மாதமாகத்தான் இருந்தது. ஆகவே "ஒரு மாதத்துக்கு மட்டும் அறை" என்று வரும் விளம்பரங்கள் எல்லாம் விதிக்குப் புறம்பானவை. அங்கே தங்கினால் திடீரென வெளியேற வேண்டி வரலாம். ஹோட்டலில் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். சர்வீஸ் அபார்ட்மென்ட் எனப்படும் விடுதி வீடுகளில் குறைந்தது ஏழு நாள். உங்கள் கணவரின் நிறுவனம் முதல் சில வாரங்களுக்குத் தங்குமிடம் தருமா என்பதை வேலைக்கான இறுதிக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் தரும் நிறுவனங்கள் உண்டு, கேட்காமல் யாரும் தருவதில்லை. உறவினர் வீட்டில் விருந்தினராகச் சில நாள் இருப்பதில் தவறில்லை. ஆனால் "நம்ம ஊர்க்காரர் ஒருவர் வீட்டை எடுத்து அறை அறையாக விட்டிருக்கிறார், அதில் ஓர் அறை" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். வீவக வீட்டில் குடியிருப்பவர் இன்னொருவருக்கு மறுவாடகைக்கு விட அனுமதி இல்லை. அந்த ஊர்க்காரரை வெளியேற்றும்போது உங்களையும் சேர்த்தே வெளியேற்றுவார்கள்.

எந்தப் பகுதி என்பதில் உங்கள் மனம் தேக்காவை நாடுவது இயல்பு. கோயில், பூக்கடை, வாழையிலை, கறிவேப்பிலை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் வேலை உட்லண்ட்ஸில். அது தீவின் வடக்கு முனை. உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன், சுவா சூ காங் போன்ற பகுதிகளில் வாடகை மையப் பகுதியைவிடக் குறைவு. கணவரின் அன்றாடப் பயணமும் குறையும். வாரம் ஒருமுறை எம்ஆர்டி ரயிலில் தேக்காவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வரலாம். அன்றாடக் காய்கறிக்கும் பருப்புக்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் கடைகள் உண்டு. மகளின் பள்ளியையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். சிபிஎஸ்இ பாடத்திட்டத்திலேயே தொடர வேண்டுமானால் யுவபாரதி பள்ளி இருக்கிறது. பொங்கோலில் ஜிஐஐஎஸ் எனப்படும் குளோபல் இந்தியன் சர்வதேசப் பள்ளியின் வளாகம் இருக்கிறது. பள்ளியில் இடம் உறுதியான பின் அதற்கேற்ப வீட்டைத் தேடுங்கள். வீட்டை எடுத்துவிட்டுப் பள்ளியைத் தேடினால், குழந்தை ஒவ்வொரு நாளும் பேருந்தில் களைத்துப் போகும்.

அறைகளின் கணக்கு நம் ஊர்க் கணக்கு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே "நான்கு அறை வீடு" என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். "மூன்று அறை வீடு" என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும். நான்கு அறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர், அதாவது 970 சதுர அடி இருக்கும். மூன்று அறை வீடு 60 முதல் 65 சதுர மீட்டர். நீங்கள் மூவர் என்பதால் மூன்று அறை வீடே தாராளம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்குவார்கள் என்றால்தான் நான்கு அறையை எண்ண வேண்டும். மாமியார் கிழக்குப் பார்த்த வீடாக வேண்டும் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு: மேற்குப் பார்த்த அடுக்குமாடி வீடுகள் பிற்பகல் வெயிலை முழுவதும் வாங்கிச் சுவர் சூடேறி நிற்கும், குளிரூட்டியும் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். எனவே வீட்டைப் பிற்பகலில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீவக வீடுதான் என்று முடிவானால், உரிமையாளரின் தரப்பில் சில தகுதிகள் இருக்க வேண்டும். முழு வீட்டையும் வாடகைக்கு விடச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே அனுமதி. நிரந்தரவாசிகள் விட முடியாது. உரிமையாளர் பொதுவாக ஐந்து ஆண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்திருக்க வேண்டும். கழகத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். உங்கள் கணவரின் பாஸ், விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இவற்றோடு வெளிநாட்டவர் ஒதுக்கீடு ஒன்றும் உண்டு: ஒரு கட்டடத்திலுள்ள வீடுகளில், மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழுமையாக வாடகைக்கு விடப்பட்டவை 11 சதவீதத்தையும், ஒரு வட்டாரத்தில் 8 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. வீடும் பிடித்து, உரிமையாளரும் சம்மதித்து, கட்டடத்தின் ஒதுக்கீடு நிரம்பிவிட்டதால் ஒப்புதல் கிடைக்காமல் போவது இதனால்தான். வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே "இந்தக் கட்டடத்தில் வெளிநாட்டவருக்கு இடம் இருக்கிறதா என்று கழகத்தின் இணையத்தில் பார்த்தீர்களா?" என்று முகவரைக் கேட்கச் சொல்லுங்கள். தனியார் கொண்டோவுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. அதற்கேற்ப வாடகையும் அதிகம்.

இப்போது ஒப்பந்தம். இதில்தான் நீங்கள் அதிகம் கவனம் செலுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். நம் ஊரில் பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு, பிறகு யாரும் அதைப் படிப்பதே இல்லை. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வாய்ச்சொல்லிலேயே காலத்தை ஓட்டிவிடுகிறோம். அங்கே எழுதியது மட்டுமே நிற்கும். இருபது பக்கம் இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். சொத்து முகவர் மன்றம் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டிருக்கிறது. அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தரப்படும் ஒப்பந்தத்தோடு பத்தி பத்தியாக ஒப்பிடுங்கள். மாதிரியில் இருந்து உங்களுடையதில் காணாமல் போன பத்திதான் பெரும்பாலும் உங்களைக் காக்க வேண்டிய பத்தியாக இருக்கும்.

அவற்றுள் முதன்மையானது, அங்கே டிப்ளமேட்டிக் கிளாஸ் என்று வழங்கும் விலகல் உரிமைப் பிரிவு. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்ட பின் ஏழாவது மாதத்திலோ பதினைந்தாவது மாதத்திலோ வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும், அல்லது வேறு வேலை கிடைத்திருக்க வேண்டும். நீங்கள் நாட்டிலேயே இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் முடியும் வரை வாடகை உங்கள் தலையில்தான். அதைத் தவிர்ப்பதே இந்தப் பிரிவு. வழக்கமான வடிவில், பன்னிரண்டு மாதம் முடிந்த பின், வேலை இழப்பையோ இடமாற்றத்தையோ காட்டி, இரண்டு மாத முன்னறிவிப்போடு விலகலாம் என்றிருக்கும். அதாவது குறைந்தது பதினான்கு மாத வாடகைக்கு நீங்கள் பொறுப்பு. ஓராண்டு ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவைப் பல உரிமையாளர்கள் தருவதில்லை. உங்கள் கணவர் புதிய வேலையில், தகுதிகாண் காலத்தில் இருப்பவர். எனவே இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போடலாம். ஆனால் இந்தப் பிரிவு இல்லாமல் போடக் கூடாது. அதில் "பாஸ் புதுப்பிக்கப்படாவிட்டால்", "பாஸ் ரத்து செய்யப்பட்டால்" என்ற இரண்டு சொற்றொடர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேலை இடமாற்றத்தை மட்டும் குறிப்பிட்டு, வேலை இழப்பை விட்டுவிடும் ஒப்பந்தங்களை நான் கண்டிருக்கிறேன். இடையில் விலகினால், உரிமையாளர் முகவருக்குக் கொடுத்த தரகில் ஒரு பகுதியை நீங்கள் அவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவும் இதனோடு சேர்ந்தே வரும்; அது வழக்கமானதுதான், ஒப்புக்கொள்ளலாம்.

முன்பணம் வழக்கத்தில் ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை, இரண்டு ஆண்டுக்கு இரண்டு மாத வாடகை. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகையை உச்சவரம்பாக வைத்திருந்தும் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் வாடகையே பெரிய தொகை என்பதால் கையில் இருக்க வேண்டிய பணம் பெரிதாகிவிடும். மாதம் 3,200 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், முன்பணம் 6,400, முதல் மாத வாடகை 3,200. இவற்றோடு முத்திரை வரி: நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம்; இரண்டு ஆண்டுக்கு மொத்தம் 76,800 வெள்ளி என்பதால் வரி ஏறத்தாழ 307 வெள்ளி. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்குத் தனி வைப்புத்தொகை உண்டு. எல்லாம் சேர்ந்தால் இன்றைய மதிப்பில் ஆறு லட்சம் ரூபாயைத் தாண்டும். முதல் சம்பளம் வருமுன் இந்தத் தொகை தேவைப்படும் என்பதால், மாமனாரின் பணம் உண்மையிலேயே பயன்படப் போகும் இடம் இதுதான்.

முத்திரை வரியைக் கட்டுவது வழக்கமாகக் குடியிருப்பவரின் பொறுப்பு. சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் கட்டிச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இதை வெறும் செலவாக எண்ணாதீர்கள். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க முடியாது. முகவர் "நான் கட்டிவிடுகிறேன்" என்றால் சரி, ஆனால் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முகவர் கட்டணத்துக்கு அரசு விகிதம் எதையும் வகுக்கவில்லை. பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே முகவர் உரிமையாளருக்கும் உங்களுக்கும் சேர்த்துச் செயல்படுவதற்குத் தடை இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். உரிமையாளரின் முகவர் உங்களிடமும் தரகு கேட்டால் தர வேண்டியதில்லை.

சிறு பழுதுகளுக்கு ஒரு வரம்பு எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் முதல் 150, 200 அல்லது 300 வெள்ளி வரை குடியிருப்பவர் செலவு, அதற்கு மேல் உரிமையாளர் செலவு என்பது நடைமுறை. குறைந்த வரம்பைக் கேளுங்கள். குளிரூட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து ரசீது வைத்திருப்பதும் குடியிருப்பவர் கடமையாகவே எழுதப்படும். அந்த ரசீதுகள் இல்லாவிட்டால் வெளியேறும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். குடிபுகுந்த முதல் 30 நாளில் தெரியவரும் குறைகள் எல்லாம் உரிமையாளர் செலவு என்ற பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்டது சிறிய கேள்வி அல்ல. அறை மட்டும் எடுப்பவர்களுக்கு "சமையல் கூடாது" என்றோ "எளிய சமையல் மட்டும்" என்றோ கட்டுப்பாடு வைப்பது சாதாரணம். எளிய சமையல் என்று அவர்கள் சொல்வது தண்ணீர் காய்ச்சுவதும் நூடுல்ஸ் வேகவைப்பதும்தான். தாளிப்பும் வறுவலும் அதில் அடங்காது. முழு வீடு எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் நாங்கள் தினமும் எண்ணெயில் தாளித்துச் சமைக்கும் குடும்பம் என்பதை முதலிலேயே சொல்லி, "அன்றாடச் சமையலுக்குத் தடையில்லை" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சாமி படம் மாட்டச் சுவரில் ஆணி அடிப்பதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். அனுமதி இல்லையேல் ஓர் அலமாரியில் வைத்துக்கொள்வது நல்லது. இரும்புக் கதவு போட்ட சிறிய அறை ஒன்று பல வீடுகளில் இருக்கும். அது பாதுகாப்பு அறை, அதன் சுவரில் துளையிடக் கட்டுப்பாடுகள் உண்டு. கிரைண்டரையும் மிக்ஸியையும் கொண்டு போகலாம், மின்னழுத்தம் நம்முடையதைப் போன்றதே; பிளக் மட்டும் வேறு என்பதால் அடாப்டர் வேண்டும்.

ஒரு வருத்தமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். இந்தியர் என்று தெரிந்ததும் "வீடு போய்விட்டது" என்று சொல்லும் உரிமையாளர்களை உங்கள் கணவர் சந்திக்கக்கூடும். முகவர்கள் இனத்தைச் சுட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று மன்றம் அறிவுறுத்தியிருக்கிறது; ஆனாலும் தொலைபேசியில் நடப்பதை அது முழுவதும் தடுப்பதில்லை. இது உங்கள் குடும்பத்தின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல. முதல் செய்தியிலேயே, கணவன், மனைவி, ஒரு குழந்தை, எம்ப்ளாய்மென்ட் பாஸ், நிறுவனம் இருக்கும் பகுதி, குடிபுகும் தேதி, சமையல் தேவை ஆகியவற்றை நான்கு வரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்கள் அங்கேயே விலகிவிடுவார்கள். மற்றவர்களின் வீடுகளைப் பார்க்க நேரம் மிஞ்சும்.

சாவி வாங்கும் நாளில் அவசரம் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர், குளியலறைக் குழாயின் அடிப்பகுதி, மெத்தையின் இருபக்கமும், குளிரூட்டியிலிருந்து நீர் சொட்டிய கறை, ஜன்னல் தாழ்ப்பாள், இவை ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி காணொளி எடுத்து அன்றே உரிமையாளருக்கும் முகவருக்கும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பொருள் பட்டியலில் "ஏற்கெனவே உள்ள கீறல்" என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியேறும்போது முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை மட்டுமே அது ஏற்கும். யாராவது சலுகை தருவதாகச் சொல்லி முப்பது மாத ஒப்பந்தம் போடச் சொன்னால் இதை மறந்துவிடாதீர்கள்.

அந்த வாட்ஸ்அப் முகவருக்குப் பதில் எழுதி வாதாட வேண்டாம். அவருடைய செய்திகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணைத் தடை செய்யுங்கள். குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள், ஏனெனில் அதே வீட்டை அவர் இன்னும் பலருக்குக் காட்டியிருப்பார். இந்தக் கடிதம் வருமுன் எவரேனும் பணம் அனுப்பியிருந்தால், அவர்கள் உடனே வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சிங்கப்பூரில் இருப்பவர்கள் 1799 என்ற எண்ணை அழைக்கலாம். உங்கள் கணவர் வீட்டை முடிவு செய்து ஒப்பந்த வரைவு கைக்கு வந்ததும், கையெழுத்திடும் முன் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். விலகல் பிரிவையும் முன்பணப் பிரிவையும் வரிக்கு வரி படித்து, மாற்ற வேண்டியதைக் குறித்து அனுப்புகிறேன்.